இரு சம்பளங்கள், ஒரே வரிக் கணக்கு: அமெரிக்காவில் தொழில் புரியும் தம்பதியர் எதிர்நோக்கும் சிக்கல்

ஐக்கிய அமெரிக்காவில் வருமான வரி விபரத்திரட்டைச் சமர்ப்பிப்பதற்கான வழமையான இறுதித் தினம் ஏப்ரல் 15 ஆகும். சம்பளம் பெறுவோரில் பெரும்பாலானோருக்கு அது கவலைக்குரிய காலமன்று. ஆண்டு முழுவதும் சம்பளத்திலிருந்து கூடுதலாகக் கழிக்கப்பட்ட வரி மீளளிப்பாக அவர்களது கைக்குத் திரும்பி வரும். ஆனால் கணவன், மனைவி இருவரும் தொழில் புரியும் குடும்பங்கள் பலவற்றில் நிலைமை தலைகீழாக அமைந்துவிடுகின்றது. இருவரது சம்பளத்திலும் தவறாது வரி கழிக்கப்பட்டிருக்கும். இருவரும் வருமானத்தில் ஒரு சதத்தையேனும் மறைத்திருக்கமாட்டார்கள். அவர்களுக்குத் தொழில் வழங்கிய நிறுவனங்களும் அரசாங்கத்தின் அட்டவணையைப் பார்த்துச் சரியாகவே கழித்திருக்கும். அவ்வாறிருந்தும், இறுதிக் கணக்குப் பார்க்கும்போது இன்னும் 4,000 டொலர் செலுத்த வேண்டும் என்ற பதில் கிடைக்கின்றது.

உயர்கல்விக்கும் தொழிலுக்குமாக அமெரிக்கா சென்று அங்கேயே குடும்பமாகிவிட்ட எம்மவர்களுள் பலர் திருமணத்தின் பின்னரான முதலாவது வரி ஆண்டிலேயே இந்த அதிர்ச்சியைச் சந்திக்கின்றனர். இங்குள்ள பெற்றோருக்கும் உறவினருக்கும் இது விளங்காத ஒரு புதிராகவே இருக்கும். ஏனெனில் எமது நாட்டின் வரி முறை முற்றிலும் வேறானது.

இலங்கையில் கணவனும் மனைவியும் வெவ்வேறு வரியிறுப்பாளர்கள். 2025 ஏப்ரல் மாதம் முதல் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா தனிநபர் நிவாரணம் வழங்கப்படுகின்றது. மாதம் ஒன்றரை இலட்சம் ரூபா சம்பளம் பெறும் ஆசிரியர் ஒருவரும் அதே அளவு சம்பளம் பெறும் அவரது மனைவியும் வருமான வரியாக எதுவும் செலுத்த வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் ஒருவர் மட்டும் மாதம் 3 இலட்சம் ரூபா சம்பாதித்தால் அவரது சம்பளத்திலிருந்து முற்பணத் தனிநபர் வருமான வரியாக மாதந்தோறும் 18,500 ரூபா கழிக்கப்படும். வீட்டுக்கு வரும் தொகை ஒன்றாயினும் வரி வேறு. அமெரிக்காவிலோ கூட்டாக விபரத்திரட்டுச் சமர்ப்பிக்கும் தம்பதியர் வரிச் சட்டத்தின் பார்வையில் ஓர் அலகு. ஒருவரே 120,000 டொலர் உழைத்தாலும், இருவரும் தலா 60,000 டொலர் உழைத்தாலும் கூட்டு வருமானத்தின் மீதான வரி ஒன்றே.

இந்தக் கூட்டு முறை 1948 ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்டதாகும். அதற்கு முன்னர் கலிபோர்னியா, டெக்சாஸ் போன்ற சில மாநிலங்களில் திருமணத்தின் பின்னர் ஈட்டும் வருமானம் கணவன், மனைவி இருவருக்கும் சம உரித்துடையது எனச் சட்டம் இருந்தமையால், அங்குள்ள தம்பதியர் வருமானத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டிக் குறைந்த வரி செலுத்தினர். 1930 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றமும் இதனை ஏற்றுக்கொண்டது. ஏனைய மாநிலத்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லாதிருந்த பாகுபாட்டைப் போக்கவே காங்கிரஸ் சபை எல்லோருக்கும் கூட்டு விபரத்திரட்டு முறையை வழங்கியது. கணவன் உழைக்க மனைவி இல்லத்தைப் பராமரிக்கும் குடும்பமே அன்று பொதுவாக எண்ணப்பட்ட குடும்பம். இன்று அந்நாட்டின் மணமான தம்பதியரில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் இருவருமே தொழில் புரிகின்றனர்.

சம்பளத்திலிருந்தே வரியைக் கழித்தெடுக்கும் ஏற்பாடு அதற்கும் ஐந்து ஆண்டுகள் முந்தியது. இரண்டாம் உலகப் போரின் செலவுக்காகச் சாதாரண தொழிலாளர்களையும் வரி வலைக்குள் கொண்டுவர நேர்ந்தபோது, அடுத்த ஆண்டு வந்து வரியைச் செலுத்துங்கள் என அவர்களிடம் கூறிப் பயனில்லை என்பதை அரசாங்கம் உணர்ந்தது. 1943 ஜூலை மாதம் முதல் தொழில் வழங்குநரே வரியைக் கழித்து அரசுக்கு அனுப்பும் முறை நடைமுறைக்கு வந்தது. அரசாங்கத்தின் கரம் பொருளாதாரத்தில் நீள்வதைப் பிற்காலத்தில் கடுமையாக எதிர்த்த பொருளியலாளர் மில்டன் பிரீட்மன், அந்நாட்களில் திறைசேரியில் பணியாற்றி இந்த ஏற்பாட்டை வகுப்பதில் பங்குகொண்டிருந்தார் என்பது ஒரு வேடிக்கை.

ஆக, வரி குடும்பத்தின் மீது விதிக்கப்படுகின்றது. கழிப்போ ஒவ்வொரு தொழிலிலும் தனித்தனியே செய்யப்படுகின்றது. சிக்கலின் வேர் இங்கேயே உள்ளது. கணவனின் கம்பனிக்கு மனைவியின் சம்பளம் தெரியாது. மனைவி பணிபுரியும் வைத்தியசாலைக்குக் கணவனின் சம்பளம் தெரியாது. ஊழியர் நிரப்பிக் கொடுக்கும் டபிள்யூ-4 என்னும் படிவம் ஒன்றே இரு தரப்புக்கும் வழிகாட்டி. அதில் 'மணமானவர், கூட்டாக விபரத்திரட்டுச் சமர்ப்பிப்பவர்' என்பதற்கு மட்டும் அடையாளமிட்டு ஒப்பமிட்டுக் கொடுத்தால், ஒவ்வொரு நிறுவனமும் தான் வழங்கும் சம்பளமே அந்தக் குடும்பத்தின் ஒரே வருமானம் எனக் கருதிக்கொள்ளும்.

2024 ஆம் ஆண்டின் எண்களைக் கொண்டு இதனை நோக்குவோம். அவ்வாண்டில் தம்பதியருக்கான நியமக் கழிவு, அதாவது வரி விதிக்கப்படாது விடப்படும் தொகை, 29,200 டொலராகும். அதற்கு மேற்பட்ட முதல் 23,200 டொலருக்கு 10 சதவீதமும், அதன் பின்னர் 94,300 டொலர் வரையிலான பகுதிக்கு 12 சதவீதமும், அடுத்த பகுதிக்கு 22 சதவீதமும் வரி விதிக்கப்பட்டது. தலா 60,000 டொலர் பெறும் தம்பதியரை எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு நிறுவனமும் 29,200 டொலரைக் கழித்துவிட்டு மீதி 30,800 டொலருக்கு 3,232 டொலரை வரியாக எடுத்திருக்கும். இரு நிறுவனங்களும் சேர்ந்து எடுத்தது 6,464 டொலர். உண்மையில் அவர்களது கூட்டு வருமானமான 120,000 டொலருக்கு உரிய வரி 10,432 டொலராகும். குறைபாடு 3,968 டொலர்.

இத்தொகை எங்கிருந்து முளைத்தது? குடும்பத்துக்கு ஒருமுறை மட்டும் உரித்தான 29,200 டொலர் கழிவு இரண்டு இடங்களில் வழங்கப்பட்டுவிட்டது. அதன் 12 சதவீதம் 3,504 டொலர். 10 சதவீதச் சலுகைப் படியும் இருமுறை பயன்படுத்தப்பட்டமையால் மேலும் 464 டொலர் குறைந்தது. வேறு மர்மம் எதுவும் இல்லை.

சம்பளங்களுக்கிடையே பெரும் வேறுபாடு இருக்கும் வீடுகளில் இது வேறொரு தோற்றத்தைப் பெறுகின்றது. கணவன் 100,000 டொலர் பெறுகின்றார், மனைவி பகுதிநேரப் பணியில் 20,000 டொலர் பெறுகின்றார் எனக் கொள்வோம். 20,000 என்பது 29,200 இலும் குறைவானது. எனவே மனைவியின் சம்பளத்திலிருந்து கூட்டரசின் வருமான வரியாக ஒரு சதமும் கழிக்கப்படமாட்டாது. சம்பளச் சிட்டையைப் பார்க்கும் அவர், தமது சிறு உழைப்புக்கு வரியே இல்லையென எண்ணிக்கொள்வார். ஏப்ரலில் 2,400 டொலர் குறைபாடு தெரியவரும்போது, அது துல்லியமாக அவரது 20,000 டொலரின் 12 சதவீதம் என்பது புலப்படும். கணவனின் வருமானம் கழிவையும் 10 சதவீதப் படியையும் ஏற்கெனவே நிரப்பிவிட்டது. மனைவி உழைக்கும் முதல் டொலரே அடுத்த படியில் போய் அமர்கின்றது. கணவனின் சம்பளம் இன்னும் உயர்ந்ததாயின் மனைவியின் முதல் டொலருக்கே 22 அல்லது 24 சதவீதம் விதிக்கப்படும். இரண்டாவது உழைப்பாளரை, நடைமுறையில் பெரும்பாலும் பெண்களை, தொழிலுக்குச் செல்வதிலிருந்து இந்த முறை பின்வாங்கச் செய்கின்றது என அமெரிக்க வரிச் சட்ட அறிஞர்கள் நெடுங்காலமாகவே விமர்சித்து வருகின்றனர். குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்கான கட்டணத்தையும் போக்குவரத்துச் செலவையும் சேர்த்துக் கணக்கிடும் தாய் ஒருவர், பகுதிநேரப் பணியால் உண்மையில் மிஞ்சுவது என்ன எனக் கேட்பதில் நியாயம் உண்டு. அந்தக் கணக்கை வேலையை ஏற்பதற்கு முன்னரே போட்டுப் பார்ப்பதற்கும், ஏப்ரலில் அறிந்து திகைப்பதற்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கின்றது.

இனிப் பரிகாரத்துக்கு வருவோம். 2020 ஆம் ஆண்டு டபிள்யூ-4 படிவம் முற்றாக மாற்றியமைக்கப்பட்டது. முன்னைய படிவத்தில் இருந்த 'விலக்களிப்பு எண்ணிக்கை' நீக்கப்பட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட தொழில்கள் உள்ள குடும்பங்களுக்கென 'படி 2' என்னும் பகுதி சேர்க்கப்பட்டது. அதன் இறுதியில் ஒரு சிறிய சதுரக் கட்டம் இருக்கின்றது. குடும்பத்தில் மொத்தம் இரண்டு தொழில்கள் மட்டுமே உள்ளவர்கள் அதில் அடையாளமிடலாம். அவ்வாறு செய்தால் அந்த நிறுவனம் நியமக் கழிவையும் வரிப் படிகளையும் பாதியாக்கிக் கணக்கிடும். தலா 60,000 பெறும் தம்பதியரின் விடயத்தில், ஒவ்வொருவரிடமிருந்தும் 5,216 டொலர் கழிக்கப்பட்டு மொத்தம் சரியாக 10,432 டொலராகிவிடும். குறைவுமில்லை, கூடுதலுமில்லை.

ஆனால் இருவரும் தத்தமது படிவத்தில் அடையாளமிட வேண்டும் என்பதே பலர் தவறவிடும் விடயம். கணவன் மட்டும் அடையாளமிட்டு மனைவியின் பழைய படிவம் மாறாதிருந்தால் 1,984 டொலர் குறைபாடு அப்படியே எஞ்சியிருக்கும். 2020 ஆம் ஆண்டுக்கு முன்னர் கொடுக்கப்பட்ட படிவங்கள் இன்றும் செல்லுபடியாகும் என்பதால், நீண்டகாலமாக ஒரே இடத்தில் பணிபுரிவோரின் கழிப்பு மறந்துபோன ஒரு பழைய படிவத்தின்படியே நடந்துகொண்டிருக்கவும் கூடும்.

இந்தச் சதுரக் கட்டம் எல்லோருக்கும் பொருத்தமானதன்று. குறைந்த சம்பளம் கூடிய சம்பளத்தின் அரைவாசிக்கு மேற்பட்டதாக இருந்தால் மட்டுமே அது ஓரளவு துல்லியமான விடையைத் தரும். மேற்கூறிய 100,000, 20,000 டொலர் குடும்பம் அதில் அடையாளமிட்டால் 10,432 டொலருக்குப் பதிலாக 14,381 டொலர் கழிக்கப்பட்டுவிடும். கூடுதலான 3,949 டொலரும் மறு ஆண்டில் திரும்பக் கிடைக்கும் என்பது உண்மையே. மீளளிப்பை ஒரு போனஸ் போலக் கொண்டாடும் வழக்கம் அங்கே பரவலாக உள்ளது. எமது அபிப்பிராயத்தில் அது கொண்டாட வேண்டிய விடயமன்று. வீட்டு வாடகைக்கும் வாகனக் கடனுக்கும் தட்டுப்படும் குடும்பமொன்று, கடன் அட்டைக்கு 20 சதவீதத்துக்கும் மேலான வட்டி செலுத்திக்கொண்டு, மறுபுறம் அரசாங்கத்துக்கு வட்டியின்றி 4,000 டொலர் கடன் கொடுப்பதே அங்கு நடப்பதாகும்.

அத்தகைய குடும்பங்களுக்குப் படிவமே வேறு இரு வழிகளைக் காட்டுகின்றது. உள்நாட்டு இறைவரிச் சேவையின் இணையத்தளத்திலுள்ள கணிப்பானைப் பயன்படுத்துவது ஒன்று. அண்மைய சம்பளச் சிட்டைகள் இரண்டையும் அருகில் வைத்துக்கொண்டால் ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும் வேலை. படிவத்துடன் இணைந்துள்ள பணித்தாளின் அட்டவணையைப் பார்ப்பது மற்றையது. இரு வழிகளிலும் இறுதியில் கிடைப்பது, ஒவ்வொரு சம்பளத்திலும் மேலதிகமாகக் கழிக்கவேண்டிய ஒரு தொகையாகும். அதனைக் கூடிய சம்பளம் பெறுபவரின் படிவத்தில் 4(சி) என்னும் இடத்தில் எழுத வேண்டும். எமது உதாரணத்தில் 2,400 டொலரை, இரு வாரங்களுக்கு ஒருமுறை வழங்கப்படும் 26 சம்பளங்களால் பிரித்தால் ஏறத்தாழ 92 டொலர் வரும். இந்த வழிக்கு இன்னுமொரு நன்மையும் உண்டு. தமது துணைவர் தொழில் புரிவதையோ தமக்கு இன்னொரு வேலை இருப்பதையோ நிறுவனத்துக்குத் தெரிவிக்க விரும்பாதவர்கள், சதுரக் கட்டத்தைத் தொடாது தொகையை மட்டும் எழுதலாம். காரணம் கேட்கப்படமாட்டாது.

பிள்ளைகள் உள்ள வீடுகளில் தவறு இன்னும் பெரிதாகும். 17 வயதுக்குட்பட்ட பிள்ளை ஒவ்வொருவருக்கும் 2024 இல் 2,000 டொலர் வரிக் குறைப்பு இருந்தது. 2025 ஆம் ஆண்டின் சட்டம் அதனை 2,200 ஆக உயர்த்தியதோடு, தம்பதியரின் நியமக் கழிவையும் அவ்வாண்டுக்கு 31,500 டொலராக்கியது. பிள்ளைகளின் விபரத்தை ஒரே ஒரு படிவத்தில், கூடிய சம்பளத்துக்குரிய படிவத்தில் மட்டும் எழுத வேண்டும் என அறிவுறுத்தல் கூறுகின்றது. தாயும் தந்தையும் ஆளுக்கொரு படிவத்தில் தம் இரு பிள்ளைகளையும் எழுதிவிடுவது மிக இயல்பாக நிகழக்கூடியதே. தலா 60,000 பெறும் எமது தம்பதியர் 2024 இல், சதுரக் கட்டத்தையும் விட்டுவிட்டு, அவ்வாறு எழுதியிருந்தால் ஒவ்வொருவருக்கும் உரிய 3,232 டொலர் கழிப்பு, 4,000 டொலர் குறைப்பினால் பூச்சியமாகியிருக்கும். ஆண்டு முழுவதும் வருமான வரியே கழிக்கப்படாது, முடிவில் 6,432 டொலரை ஒரே தடவையில் செலுத்த நேர்ந்திருக்கும்.

குறைபாட்டைச் செலுத்துவதோடு விடயம் முடிந்துவிடுவதுமில்லை. வரி ஆண்டு நடுவிலேயே செலுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். குறைபாடு 1,000 டொலரை எட்டினால் தண்டப்பணம் விதிக்கப்படலாம். அது வட்டி போன்று கணக்கிடப்படுவதாகும். 2024 இல் அதன் வீதம் ஆண்டுக்கு 8 சதவீதமாக இருந்தது. இவ்வாண்டு வரியின் 90 சதவீதமோ, சென்ற ஆண்டு மொத்த வரிக்குச் சமமான தொகையோ ஏற்கெனவே கழிக்கப்பட்டிருந்தால் தண்டத்திலிருந்து தப்பலாம். சென்ற ஆண்டின் சீராக்கிய வருமானம் 150,000 டொலரை விஞ்சியவர்களுக்குப் பின்னைய அளவு 110 சதவீதமாகும்.

ஆண்டின் நடுவில் தவறு தெரியவந்தால் என்ன செய்வது? சதுரக் கட்டத்தில் அடையாளமிடுவது இனிவரும் சம்பளங்களை மட்டுமே சரிசெய்யும். கடந்த மாதங்களின் குறைபாட்டை அது ஈடுசெய்யாது. ஜூன் இறுதியில் விழித்துக்கொள்ளும் எமது தம்பதியர், தவறவிட்ட 1,984 டொலரை எஞ்சியுள்ள 13 சம்பளங்களால் பிரித்து, ஏறத்தாழ 153 டொலரை ஒருவரின் 4(சி) இல் சேர்த்து எழுத வேண்டியிருக்கும். சம்பளத்திலிருந்து கழிக்கப்படும் வரி எந்த மாதத்தில் கழிக்கப்பட்டாலும் ஆண்டு முழுவதும் சமமாகச் செலுத்தப்பட்டதாகவே கொள்ளப்படும். ஆகவே டிசம்பர் மாதச் சம்பளத்தில் கூடுதலாகக் கழிக்கச் செய்தாலும் தண்டத்தைத் தவிர்க்க முடியும். நேரடியாகச் செலுத்தும் காலாண்டுத் தவணைகளுக்கு இந்தச் சலுகை இல்லை. ஜனவரி பிறந்ததும் அந்த 153 டொலரை நீக்கிப் புதிய படிவம் கொடுக்க மறந்தால், அடுத்த ஆண்டு முழுவதும் கூடுதலாகக் கழிந்துகொண்டிருக்கும்.

உயர் வருமானம் பெறும் வைத்தியர்கள், பொறியியலாளர்கள் ஆகிய தம்பதியருக்கு இன்னுமொரு பொறி உண்டு. மெடிகெயார் எனப்படும் முதியோர் மருத்துவக் காப்புறுதிக்கான 0.9 சதவீத மேலதிக வரியை நிறுவனம் கழிக்கத் தொடங்குவது ஒருவரது சம்பளம் 200,000 டொலரைத் தாண்டும்போதாகும். தம்பதியர் மீது அது விதிக்கப்படுவதோ கூட்டுச் சம்பளம் 250,000 டொலரைத் தாண்டும்போதாகும். தலா 180,000 பெறும் இருவரில் எவரிடமிருந்தும் அது கழிக்கப்படாது. இறுதியில் 990 டொலர் நிலுவையாக நிற்கும்.

எமது நாட்டிலிருந்து செல்லும் மாணவர்கள் பற்றித் தனியே கூறவேண்டியுள்ளது. மாணவர் விசாவில் இருப்போர் பொதுவாக முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளில் வரிச் சட்டத்தின்படி வதிவிடமற்ற வெளிநாட்டவர்களாவர். அவர்கள் மணமானவர்களாயினும் டபிள்யூ-4 படிவத்தில் தனியாள் என்றே குறிப்பிட வேண்டும். பொதுவாகக் கூட்டு விபரத்திரட்டும் சமர்ப்பிக்க முடியாது. ஒரே பல்கலைக்கழகத்தில் பயிலும் தமிழ்நாட்டு நண்பர்களின் ஆலோசனையை அப்படியே பின்பற்றுவதிலும் ஆபத்து உண்டு. இந்திய மாணவர்களுக்கு இரு நாடுகளுக்கிடையிலான வரி உடன்படிக்கையின் கீழ் நியமக் கழிவைக் கோரும் சலுகை இருக்கின்றது. இலங்கை மாணவர்களுக்கு அது இல்லை.

அமெரிக்க ஏற்பாட்டின் குறைபாடு ஊழியரின் கவனக்குறைவில் இல்லை. இரு சம்பளங்களையும் அறிந்திருக்கும் ஒரே தரப்பாகிய அரசாங்கம், அவற்றை இணைத்துக் கணக்கிடும் பொறுப்பைக் குடும்பத்தின் மீது சுமத்தியிருப்பதிலேயே உள்ளது. பிரித்தானியாவில் 1990 முதல் கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனியே வரி கணக்கிடப்படுவதோடு, எவ்வளவு கழிக்க வேண்டும் என்னும் குறியீட்டை வரித் திணைக்களமே நிறுவனங்களுக்கு அனுப்பிவைக்கின்றது. எமது நாட்டிலும் இதன் சிறு சாயலைக் காணலாம். ஒரே நபர் இரு இடங்களில் தொழில் புரிந்தால் நிவாரணம் முதன்மைத் தொழிலுக்கு மட்டுமே உரியது. இரண்டாவது தொழிலுக்குத் தனியான அட்டவணை பயன்படுத்தப்படுகின்றது. பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் வேறோர் இடத்திலும் ஊழியராக இருந்து, அதனை வெளிப்படுத்தாது விட்டால் அவரும் அந்த அமெரிக்கத் தம்பதியரின் நிலைக்கே வந்துசேருவார்.

அமெரிக்காவில் படிவத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக் கொடுக்கலாம். கட்டணமோ எண்ணிக்கை வரையறையோ இல்லை. டிசம்பர் 31 ஆம் திகதி மணமானவராக இருப்பவர் அந்த ஆண்டு முழுவதும் மணமானவராகவே கணிக்கப்படுவார் என்பதால், ஆண்டின் இறுதி மாதங்களில் திருமணம் செய்வோரும் இதில் கவனம் செலுத்த வேண்டும். இருவரில் ஒருவர் வேலையை இழந்தாலோ, மகப்பேற்றின் பின் தொழிலிலிருந்து விலகினாலோ, மற்றவர் தமது படிவத்திலுள்ள சதுரக் கட்ட அடையாளத்தை நீக்கிப் புதிய படிவம் கொடுக்கலாம். வீட்டுக்கு ஒரு சம்பளம் மட்டுமே வந்துகொண்டிருக்கும் அந்த மாதங்களில் கையில் கிடைக்கும் தொகை அதனால் சற்றுக் கூடும்.